அமெரிக்க பார்பிக்யூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பிவலையில் கறியைச் சுட்டுத் தருவதுதானே பார்பிக்யூ?

நம்மூர் உணவகங்களில் மேசைக்கே கரியடுப்பைக் கொண்டுவந்து, கம்பியில் கோத்த கறியை வாட்டித் தருவதற்கும் அந்தப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் பலர் வீட்டுக் கொல்லையில் பர்கர் சுடுவதை அப்படித்தான் சொல்கிறார்கள். தெற்கு மாநிலத்தவர்களிடம் அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கணக்கில் அது வெறும் கிரில்: நேரடித் தீயில், 200 டிகிரிக்கு மேல், கால்மணி நேரத்தில் முடிகிற வேலை. பார்பிக்யூ என்பது விறகுத் தணலின் சூட்டிலும் புகையிலும், ஏறக்குறைய 105 முதல் 135 டிகிரிக்குள், ஐந்து மணி நேரத்திலிருந்து பதினாறு மணி நேரம்வரை வேகவைப்பது. கீழே உள்ளதெல்லாம் இந்த இரண்டாவதைப் பற்றித்தான். சூடு முழுக்க செல்சியஸ் கணக்கு.

இது யாருடைய கண்டுபிடிப்பு?

ஒருவரைக் கைகாட்ட முடியாது. கரீபியன் தீவுகளில் டைனோ மக்கள் பச்சைக் குச்சிகளால் பரண் கட்டி, அதன்மேல் மீனையும் கறியையும் பரப்பி, கீழே மெல்லிய தீ மூட்டுவதை ஸ்பானியர்கள் பார்த்தார்கள். அந்தப் பரணின் பெயரான 'பார்பகோவா' என்பதை ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ 1526இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். வட அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழங்குடியினர் அதேபோன்ற பரணில் மீன் வாட்டுவதை 1585 வாக்கில் ஜான் ஒயிட் என்ற ஆங்கிலேயர் ஓவியமாகவே தீட்டிவைத்தார்.

பரண் இருந்தது, பன்றி இல்லை. கொலம்பஸ் 1493இல் தன் இரண்டாம் பயணத்தில் கரீபியனுக்குப் பன்றிகளைக் கொண்டுவந்தார். 1539இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாண்டோ தெ சோட்டோ ஃபுளோரிடாவில் ஒரு சிறு மந்தையை இறக்கினார்; மூன்றாண்டில் அது பல நூறாகப் பெருகியது. வேகும் கறிமேல் வினிகரும் வெண்ணெயும் தடவும் வழக்கம் ஆங்கிலேயக் குடியேறிகளோடு வந்தது. மிளகாயைத் தாராளமாகச் சேர்த்தது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கைகள். இவையெல்லாம் வர்ஜீனியாவிலும் கரோலினாவிலும் ஒரே குழியில் வந்து சேர்ந்தன. இரவெல்லாம் அந்தக் குழியருகே நின்றவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். தொழிலை உருவாக்கியவர்கள் யார் என்று கேட்டால், பதில் அவர்கள்தான்.

ஏன் மாடு இல்லாமல் பன்றி?

தெற்கில் பன்றியை யாரும் வளர்க்கவே வேண்டியதில்லை. காட்டில் அவிழ்த்துவிட்டால் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் பிடித்து வெட்டுவார்கள். ஒரு பசுவை வெட்டினால் பாலும் போகும். மாட்டுக்கறி பார்பிக்யூ மேய்ச்சல் நிலம் பரந்து கிடந்த டெக்சாஸுக்குப் போன பிறகுதான் தலையெடுத்தது.

பழைய குழிச் சமையல் எப்படி நடந்தது?

இடுப்பளவு ஆழம்வரை, ஒரு மீட்டர் அகலத்தில் நீளப் பள்ளம் வெட்டுவார்கள். நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் அகலம் மாறாது, நீளம்தான் கூடும். இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டுமே. பள்ளத்தின் குறுக்கே பச்சை மரக்கொம்புகளை அடுக்கி, பிளந்த பன்றியையோ ஆட்டையோ அதன்மேல் கிடத்துவார்கள்.

நுணுக்கம் என்னவென்றால், கறிக்கு நேர்கீழே விறகை எரிப்பதில்லை. சற்றுத் தள்ளி இன்னொரு இடத்தில் ஹிக்கரி அல்லது ஓக் விறகை எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலை மட்டும் மண்வெட்டியால் அள்ளிவந்து பரப்புவார்கள். எரியும் விறகு நேராகக் கீழே கிடந்தால் சொட்டும் கொழுப்பில் தீ பற்றி ஏறும். கறிமேல் கரி அப்பும், உள்ளே பச்சையாகவே இருக்கும். தணலைச் சமமாகப் பரப்புவதும் தவறு. தொடையும் தோளும் தடித்தவை, வேக நேரமாகும். வயிற்றுப் பக்கம் மெல்லியது. ஆகவே நான்கு மூலைகளிலும் தணல் மிகுதியாகவும் நடுவில் குறைவாகவும் போட வேண்டும். கால்மணி, அரைமணிக்கொரு தடவை இதைச் செய்துகொண்டே, கோலின் நுனியில் துணி கட்டி வினிகர், உப்பு, மிளகாய், கொழுப்பு கலந்த நீரை மேலே தடவுவார்கள். மாலையில் தொடங்கினால் மறுநாள் மதியம் இலக்கு. வெப்பமானி எதுவும் கிடையாது. குழிமேல் உள்ளங்கையை நீட்டி, எத்தனை நொடி பொறுக்க முடிகிறது என்று பார்த்தே சூட்டைச் சொல்வார்கள்.

முழுப்பன்றி சுடும் கடைகளில் இன்றும் முறை இதுதான். பள்ளத்துக்குப் பதில் சிமெண்ட் கல் சுவர், கொம்புக்குப் பதில் இரும்புக் கம்பி, தணலாக்க ஓர் இரும்புப் பீப்பாய். அவ்வளவுதான் மாற்றம்.

தோட்டத்து அடிமைகள் தங்களுக்கென்று பார்பிக்யூ செய்ததுண்டா?

உண்டு. ஜூலை 4, கிறிஸ்துமஸ் போன்ற நாட்களில் எசமானர்கள் அனுமதித்த விருந்துகள் ஒருபுறம். யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் கூடியவை மறுபுறம். 1831 ஆகஸ்ட் 21 அன்று வர்ஜீனியாவின் சவுத்தாம்டன் மாவட்டத்தில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நாட் டர்னரின் தோழர்கள் ஒரு பன்றியையும் பிராந்தியையும் கொண்டுவந்து காட்டில் சமைத்துச் சாப்பிட்டபடியே திட்டம் தீட்டினார்கள். அன்றிரவே கிளர்ச்சி தொடங்கியது. அது அடக்கப்பட்ட பிறகு, கறுப்பின மக்கள் ஒன்றுகூடுவதற்குத் தெற்கெங்கும் சட்டங்கள் கடுமையாயின.

அரசியலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒரு விலங்கை முழுதாகச் சுட்டால் ஊரைக் கூட்டியாக வேண்டும். ஊர் கூடினால் பேச்சாளர் வந்துவிடுவார். 1769 மே மாதம் அலெக்சாண்டிரியாவில் ஒரு பார்பிக்யூவுக்குப் போய் இரவு முழுக்க அங்கேயே தங்கியதாக ஜார்ஜ் வாஷிங்டன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1793 செப்டம்பர் 18 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டியபோது 500 பவுண்டு எடையுள்ள எருது ஒன்று சுடப்பட்டது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் அதிபர் லுட்விக் எர்ஹார்டுக்கு விருந்தளித்தது டெக்சாஸில், ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில். சமைத்தவர் ஃபோர்ட்வொர்த்தின் வால்டர் ஜெட்டன்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு என்ன ஆனது?

1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் அடிமை முறை ஒழிந்த செய்தி அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்தே அங்குள்ள கறுப்பின மக்கள் அந்த நாளைக் கொண்டாடத் தொடங்கினார்கள். இன்றுவரை அந்த ஜூன்டீன்த் விருந்தின் நடுநாயகம் பார்பிக்யூதான். கூடவே சிவப்புச் சோடா. 2021இல் அது நாடு தழுவிய விடுமுறை நாளானது.

விடுதலை பெற்றவர்களில் தணல் வேலை தெரிந்தவர்களுக்கு அது பிழைப்பாயிற்று. சந்தை நாளில் ஒரு குழி, ஒரு பலகை, பழைய செய்தித்தாள்: கடை தயார். மெம்ஃபிஸ் அருகே பிறந்து நீராவிப் படகுகளின் சமையலறைகளில் வேலை பார்த்த ஹென்றி பெர்ரி 1907இல் கான்சஸ் சிட்டிக்கு வந்து, மறு ஆண்டு ஒரு சந்தில் கறி விற்கத் தொடங்கினார். செய்தித்தாளில் சுற்றித் தருவார். மாட்டுக்கறியோடு ரக்கூன், ஓபோசம் போன்ற காட்டு விலங்குகளும் அவரிடம் கிடைக்கும். சாஸ் கண்ணில் நீர் வரவழைக்கும். அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கடையை ஏற்று நடத்த, பிறகு அது தம்பி ஆர்தர் பிரையன்டிடம் போனது. அவர் சாஸின் காரத்தைக் குறைத்தார். பெர்ரியிடம் பழகிய இன்னொருவர் கேட்ஸ் குடும்பத்தின் கடைக்குக் குழியாளாக, அதாவது தணலும் கறியும் பார்த்துக்கொள்பவராக, போனார். அந்த நகரத்தின் இரண்டு பெரிய பெயர்களும் ஒரே ஆளின் குழியிலிருந்து கிளைத்தவை.

ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வேறுபாடு?

சுவையின் பிடிவாதம் என்பார்கள். அதைவிட, அந்த ஊரில் எந்தக் கறி மலிவு, எந்த மரம் பக்கத்தில், யார் குடியேறினார்கள் என்று பாருங்கள், பாதிக்குமேல் விளங்கிவிடும்.

வட கரோலினாவின் கிழக்கே முழுப்பன்றி. வினிகரும் மிளகாயும் மட்டுமே சாஸ். தக்காளி சேர்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏடன் ஊரின் ஸ்கைலைட் இன்னில் தோலை மொறுமொறுவென்று வாட்டி, கறியோடு சேர்த்துக் கொத்துவார்கள். மேற்கே லெக்சிங்டனில் தோள்கறி மட்டும். 1919 வாக்கில் நீதிமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டவர்கள் தொடங்கிய வழக்கம் அது. வழக்குக்கு வந்த கூட்டத்துக்கு முழுப்பன்றி தேவைப்படவில்லை. அங்கே வினிகரில் கொஞ்சம் கெட்சப் சேரும், முட்டைக்கோஸ் சாலட்டும் அதனால் சிவப்பாகும். தென் கரோலினாவின் நடுப்பகுதியில் மஞ்சள் கடுகு சாஸ். ஜெர்மானியர் குடியேறிய பகுதி என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது.

மெம்ஃபிஸில் பன்றி விலா எலும்பு. பொடி தூவியது, சாஸ் பூசியது என்று இருவகை. கான்சஸ் சிட்டி பெரிய கால்நடைச் சந்தை, எல்லா விலங்கும் வந்துசேரும் இடம். எல்லாவற்றையும் சுடுவார்கள், சாஸ் கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் மட்டும் முதிர்ந்த செம்மறி ஆடு. கம்பளிக்காக வளர்த்து, கம்பளி குறைந்த கிழ ஆட்டை வேறெப்படி மெல்ல முடியும்? அலபாமாவின் டெக்கேட்டரில் கோழிக்கு மயோனைஸும் வினிகரும் கலந்த வெள்ளைச் சாஸ், 1925இல் பிக் பாப் கிப்சன் தொடங்கிவைத்தது. கேட்டால் விசித்திரம், சாப்பிட்டால் கேள்வி எழாது.

டெக்சாஸ் பிரிஸ்கெட்டுக்கு (மாட்டின் நெஞ்சுக்கறிக்கு) ஏன் இத்தனை மவுசு?

மத்திய டெக்சாஸில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் கறிக்கடை வைத்திருந்தார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம். விற்காமல் மிஞ்சியதைப் புகையிட்டார்கள், துண்டு துணுக்கைத் தொத்திறைச்சி ஆக்கினார்கள். பருத்தி பறிக்க வந்த கறுப்பின, மெக்சிகத் தொழிலாளர்கள் அதை வாங்கி, கறிக்கடைக் காகிதத்திலேயே பிரித்துவைத்து, பிஸ்கட்டும் ஊறுகாயும் சேர்த்துக் கையால் சாப்பிட்டார்கள். தட்டும் முள்கரண்டியும் இல்லாமல் காகிதத்தில் போட்டுத் தரும் இன்றைய பாணிக்கு மூலம் அதுதான். லாக்ஹார்ட்டின் கிராய்ட்ஸ் மார்க்கெட் 1900இலும், எல்ஜினின் சவுத்சைடு மார்க்கெட் 1882இலும் கறிக்கடையாகத் தொடங்கியவை.

ஆனால் பிரிஸ்கெட் அந்தக் காலத்து வழக்கம் அன்று. அப்போதெல்லாம் முன்னங்கால் பகுதி மொத்தமாக வரும், கடைக்காரர் எது மிஞ்சுகிறதோ அதைச் சுடுவார். 1960களில் பொதிகட்டும் ஆலைகள் கறியைத் தனித்தனி வெட்டாகப் பெட்டியில் அனுப்பத் தொடங்கிய பிறகே, பிரிஸ்கெட்டை மட்டும் வேண்டுமளவு வரவழைக்க முடிந்தது. கடினமான கறி என்பதால் அன்று விலையும் மலிவு. இன்று அப்படியில்லை.

டெக்சாஸ் என்றால் இது ஒன்றுதான் என்றும் நினைக்காதீர்கள். கிழக்கு டெக்சாஸ் கறுப்பினப் பாணியில் கொத்துக்கறியும் இனிப்புச் சாஸும்; தெற்கு எல்லையோரத்தில் மாட்டுத் தலையைப் பொதிந்து குழியில் புதைத்து வேகவைக்கும் பார்பகோவா.

குடிமை உரிமை வழக்குகளில் பார்பிக்யூ கடைகள் வருகின்றனவே?

இரண்டு வழக்குகள் முக்கியம். அலபாமாவின் பர்மிங்காமில் ஓலீஸ் பார்பிக்யூ கடை கறுப்பினத்தவரை உள்ளே உட்காரவிடாது, பொட்டலம் கட்டி வாங்கிப்போகலாம். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்த 1964 குடிமை உரிமைச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று கடைக்காரர்கள் வாதிட்டார்கள். கடை வாங்கிய உணவுப் பொருளில் 46 விழுக்காடு, வேறு மாநிலத்திலிருந்து வந்த கறி. மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்ற பிடி அதில் கிடைத்தது. 1964 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இன்னொன்று தென் கரோலினாவின் பிக்கி பார்க். பாகுபாடு காட்டுவது தன் மத உரிமை என்று உரிமையாளர் மாரிஸ் பெசிங்கர் வாதாடினார். 1968இல் வந்த தீர்ப்பு, இப்படி வழக்காடி வெல்பவர்களுக்கு வழக்கறிஞர் செலவும் பொதுவாகக் கிடைக்க வேண்டும் என்றது. அதை அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்.

வீட்டுக்கொல்லை அடுப்பு எப்போது வந்தது?

ஹென்றி ஃபோர்டு 1920களில் கார் தயாரிப்பில் மிஞ்சிய மரத்தூளையும் சிராயையும் கரிக்கட்டியாக்கி விற்றார். பிற்காலத்தில் அது கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் வந்தது. 1952இல் ஜார்ஜ் ஸ்டீஃபன், தான் வேலை பார்த்த வெபர் பட்டறையில் கடல் மிதவை செய்யும் இரும்பு அரைக்கோளத்தைக் கொண்டு மூடியுள்ள உருண்டை அடுப்பைச் செய்தார். போருக்குப் பிந்தைய புறநகர் வீடுகளுக்கு இரண்டும் பொருந்திவிட்டன.

ஏன் இத்தனை மணி நேரம்? நடுவில் சூடு ஏறாமல் நின்றுவிடுகிறதே?

தோள், நெஞ்சு ஆகியவை விலங்கு ஓயாமல் உழைக்கவைக்கும் தசைகள். கொலாஜன் என்ற இணைப்புத் திசு அவற்றில் அதிகம். அது ஜெலட்டினாகக் கரைய, உட்சூடு 70 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கில் இருக்க வேண்டும். அவசரப்பட்டு 80இல் எடுத்தால் செருப்புத்தோல்.

65இலிருந்து 75க்குள் எங்கோ ஓரிடத்தில் சூடு இரண்டு, மூன்று, சிலசமயம் ஐந்து மணி நேரம்கூட அசையாது. வியர்வை உடலைக் குளிர்விப்பதுபோல, கறியிலிருந்து ஆவியாகும் நீர் உள்ளே ஏறும் சூட்டை ஈடுகட்டிவிடுகிறது. புதியவர்கள் இங்கேதான் பதறித் தணலைக் கொட்டி, மேற்புறத்தைக் கருக்குகிறார்கள். மேலோடு கருஞ்சிவப்பாகி நகத்தால் சுரண்டினாலும் பெயராத நிலைக்கு வந்துவிட்டால், அலுமினியத் தாளிலோ கறிக்கடைக் காகிதத்திலோ இறுக்கிச் சுற்றுங்கள். சூடு மறுபடி ஏறும். தாள் விரைவு, ஆனால் மேலோடு நமத்துப்போகும். காகிதம் கொஞ்சம் மூச்சுவிடும்.

எந்த விறகு? புகை ஏன் கசக்கிறது?

பெரும்பாலும் டெக்சாஸ் நடுப்பகுதியில் போஸ்ட் ஓக், கரோலினாவில் ஓக்கும் ஹிக்கரியும், ஜார்ஜியாப் பக்கம் பெக்கான். மெஸ்கீட் சூடும் காரமும் கூடியது. நீண்ட சமையலுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். பைன் போன்ற பிசின் மரங்களும் சாயம் பூசிய பலகையும் கூடவே கூடாது.

கசப்புக்குக் காரணம் விறகின் சாதியைவிடத் தீயின் தரம். காற்று போதாமல் மூச்சுத் திணறி எரியும் தீ, கெட்டியான வெள்ளைப் புகையைக் கக்கும். அதிலுள்ள தார்ப்பொருள் கறிமேல் படியும், நாக்கு மரத்துப்போகும். வேண்டியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய நீலப் புகை. ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை காய்ந்த விறகை எடுங்கள், சிறிதாகவும் சுத்தமாகவும் எரியவிடுங்கள். சூட்டைக் குறைக்கப் புகைபோக்கியை மூடாதீர்கள். காற்று உள்ளே வரும் வாயைச் சுருக்குங்கள், அல்லது விறகைக் குறையுங்கள். மரத்துண்டைத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கத்தால் பயனில்லை. நீர் உள்ளே இறங்காது, வருவது நீராவிதான்.

முதல்முறை செய்பவர் எதில் தொடங்கலாம்?

பன்றியின் தோள்கறியில். கொழுப்பு நிறைந்தது, தவறை மன்னிக்கும். பிரிஸ்கெட் மன்னிக்காது.

எலும்போடு 4 கிலோ துண்டு. முந்தின இரவே 50 கிராம் உப்பு, 15 கிராம் கொரகொரப்பாக உடைத்த மிளகு, 30 கிராம் காரமில்லாத மிளகாய்த்தூள், 30 கிராம் நாட்டுச் சர்க்கரை கலந்து தடவி, குளிர்பெட்டியில் மூடாமல் வையுங்கள். உருண்டை அடுப்பின் ஒரு பக்கம் மட்டும் கரி; மறுபக்கம் ஒரு தட்டில் தண்ணீர், அதற்கு மேலே கறி. மூடியின் துவாரம் கறிப் பக்கம் இருக்கட்டும், புகை அதன்மேல் கடந்து போகும். கைமுட்டியளவு ஹிக்கரித் துண்டு இரண்டு மூன்று போதும். 110 முதல் 120 டிகிரி. மூடியில் பதித்த வெப்பமானியை நம்பாதீர்கள், கறி இருக்கும் மட்டத்தில் ஒரு கம்பி வெப்பமானி வையுங்கள். அடிக்கடி திறந்து பார்த்தால் ஒவ்வொரு தடவையும் நேரம் நீளும்.

ஏறக்குறைய ஒன்பது முதல் பதினொரு மணி நேரம். உட்சூடு 93 முதல் 95 தொட்டு, தோள் எலும்பு கையோடு வழுக்கிக்கொண்டு வந்தால் பதம். தாளிலோ காகிதத்திலோ சுற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு பிய்க்க வேண்டும். 4 கிலோவில் சாப்பிடக் கிடைப்பது இரண்டேகால் கிலோ. ஆளுக்கு 150 கிராம் என்றால் பதினைந்து பேர். உடனே பரிமாறாவிட்டால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

கிழக்குக் கரோலினா சாஸ்: ஆப்பிள் வினிகர் 500 மில்லி, உப்பு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த் துணுக்கு ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. அடுப்பில் ஏற்ற வேண்டாம். ஒரு நாள் ஊறியபின் கிலோ கறிக்கு 60 முதல் 80 மில்லி பிசிறிக்கொள்ளலாம்.

உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது. வேகவில்லையா?

மேற்பரப்பை ஒட்டி அரை, முக்கால் சென்டிமீட்டர் சிவப்பு என்றால் அது புகை வளையம். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் நிறமியோடு சேர்ந்து நிறத்தை நிலைக்கவைக்கின்றன. சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. புகையிட்ட கோழியிலும் எலும்பருகே சிவப்பு வரும். கண்ணை நம்பாமல் உட்சூடு 74 என்று பார்த்து எடுங்கள்.

சாஸ் இல்லாமல் தருவது அவமதிப்பா?

மாறாக, பல டெக்சாஸ் கடைகளில் சாஸ் கேட்பதைத்தான் கொஞ்சம் மட்டமாகப் பார்ப்பார்கள். கரோலினாவில் சாஸ் சமையலின் பகுதி, தனியே விட முடியாது.

கறுப்பினக் குழியாளர்களுக்கு இன்று உரிய இடம் கிடைத்திருக்கிறதா?

தாமதமாக, அரைகுறையாக. போட்டிகளும் தொலைக்காட்சியும் பெருகிய 1990களுக்குப் பிறகு பத்திரிகைப் படங்களில் பெரும்பாலும் வெள்ளை ஆண்களே வந்தார்கள். தென் கரோலினாவின் ஹெமிங்வேயில் குடும்பக் கடையில் பன்றி சுட்டு வளர்ந்த ராட்னி ஸ்காட் 2018இல், அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். முழுப்பன்றிக் குழியில் வளர்ந்த ஒரு கறுப்பினச் சமையல்காரருக்கு அந்த விருது வர அவ்வளவு காலமாயிற்று.

டெக்சாஸ் கடைக்குப் போனால் எப்படிக் கேட்பது?

எடைக்கணக்கில். ஆளுக்கு அரை பவுண்டு போதும். பிரிஸ்கெட்டில் கொழுப்புப் பகுதியா, கொழுப்பில்லாததா என்று கேட்பார்கள், கொழுப்பைச் சொல்லுங்கள். கண்ணெதிரே வெட்டித் தருவார்கள். முன்கூட்டி வெட்டிவைத்த கறி சில நிமிடங்களிலேயே வறண்டுவிடும், அதை ஏற்காதீர்கள். நல்ல கடைகளில் முந்தைய நாள் ஏற்றிய கறி தீர்ந்ததும் கதவை மூடுவார்கள், பிற்பகல் ஒரு மணிக்கே அது நடக்கலாம். லெக்சிங்டன் என்ற பெயர் டெக்சாஸிலும் ஓர் ஊருக்கு உண்டு. அங்குள்ள ஸ்னோஸ் கடை சனிக்கிழமை மட்டும், காலை எட்டு மணிக்குத் திறக்கும். வரிசை அதற்கு வெகுமுன்பே நின்றுவிடும்.